வினா எண் 19

சூளையில் ஒரு பள்ளிக்கூடம், ஏப்ரல்.
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பெஞ்சுகளில்
முழங்கால் இடிக்க நாங்கள் எட்டுப் பேர்.
காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து.
மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கிறது,
நிறுத்தினால் நாங்கள் அவிகிறோம்.
ஆகவே டிபன் மூடி, பர்ஸ்,
ஜரீனாவின் சாவிக்கொத்து என்று
கைக்குக் கிடைத்ததை மேலே வைத்துத்
திருத்திக்கொண்டிருந்தோம்.

பத்தொன்பதாம் வினா:
கீழ்க்காணும் கவிதையின் மையக்கருத்தை எழுதுக.

    விடியுமுன் தெருமுனையில்
    நீலக் குடமொன்று
    தன் முறைக்கு நிற்கிறது.
    லாரி வரவில்லை.
    வெயில் வந்தது.
    குடம் நிற்கிறது.

விடைக்குறிப்பில் ஒரே வரி.
நீர் சேமிப்பின் இன்றியமையாமை. மதிப்பெண் இரண்டு.

இருபத்திரண்டு தாள்களில்
நீரைச் சேமித்தாகிவிட்டது.
நான்கு பேர் மரம் நட்டிருந்தார்கள்.
ஒருவர் கடல்நீரைக் குடிநீராக்கியிருந்தார்.
எல்லாருக்கும் இரண்டு.

இருபத்து மூன்றாவது தாள்.
முகப்பு கிழித்த தாளுக்கு ஊர் கிடையாது, பெயர் கிடையாது.
சாய்ந்த எழுத்து. 'ழ'வுக்கு மட்டும் வால் நீளம்.

"குடத்துக்குள் கல் இருக்கிறது.
வெறும் பிளாஸ்டிக் குடம் நிற்காது.
காத்தடித்தால் உருண்டு ரோட்டுக்குப் போய்விடும்.
கவிதையில் கல்லைப் பற்றி இல்லை.
ஆனால் கல் இல்லாமல் கடைசி வரி வராது.
ஆகவே மையக்கருத்து கல்.
எங்கள் தெருவில் கல் கிடைக்காத நாளில்
தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம்."

பேனா பழக்கதோஷத்தில்
'காத்து'வுக்குக் கீழே கோடு கிழித்தது.
மேலே 'ற்' எழுதியது.
அப்புறம் நகரவில்லை.

ஆறு வருஷமாக நடத்துகிற பாடம்.
கரும்பலகை நடுவில் 'நீர்' என்று எழுதி
வட்டம் போட்டு
நாலு பக்கமும் அம்புக்குறி இழுப்பேன்.
கொடுங்கையூரில் தினமும்
குடத்துக்குள் அரைச் செங்கல்லைப் போட்டுவிட்டுப்
பல் தேய்க்கப் போகிறவள் நான்.

எபனேசர் சாரிடம் கொண்டுபோனேன்,
தலைமைத் தேர்வாளர்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொருமுறை படித்தார்.
"கீயில இருக்கா மேடம்?"
"இல்ல சார்."
"தண்ணின்னு ஒரு வார்த்தையாவது?"
"இல்ல. கல்தான்."
"கல்லுக்கு எங்க மார்க் போடறது…"
தாளை நீட்டினார், விடவில்லை.
"அந்தத் தம்பி ஸ்கூலுக்குப் போறானா?"
"அது எழுதலயே சார்."

சைபர் போட்டேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது,
மேலிருந்து பார்க்கும் குடத்தின் வாய்போல.

அடுத்த பக்கம் கடிதம்.
பெறுநர் முகவரி இல்லை.
அதற்கு இரண்டு குறைக்கவேண்டும்.
குறைக்கவில்லை.
கூட்டல் சரிபார்த்த ஜரீனா
அந்த இடத்தில் விரலை வைத்து
என்னைப் பார்த்தாள்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
மாங்காய்த் துண்டை நீட்டினாள்.

சாயங்காலம் மூலக்கடை சிக்னலில்
பஸ் நின்றது, ஜன்னலோரம் நான்.
கீழே நடைபாதை நெடுக நாளைக் காலைக்கான வரிசை.
முதல்முறையாக உள்ளே எட்டிப் பார்த்தேன்.
ஒன்றில் கருங்கல்.
ஒன்றில் உடைந்த டைல்ஸ்.
ஒன்றில் சாவி தொலைந்த பூட்டு.
ஒற்றைச் செருப்பு ஒன்றில்,
அதை யாரும் தேடவில்லை போலிருக்கிறது.

கடைசிக்கு முந்தையது ஆரஞ்சு நிறம்.
உள்ளே எதுவும் இல்லை.
பக்கத்தில் எந்தத் தம்பியும் இல்லை.
நின்றுகொண்டிருந்தது.
காற்று இல்லாததாலா என்று
யோசிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது.
லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போக
அந்த வேகத்தில் என் முந்தானை பறந்தது.
எழுந்து திரும்பிப் பார்த்தேன்.
நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ.